குளிர்காலப் பயணமும் பழைய லாரியும்

பயணத்தை அரபு மொழியில் 'ஸஃபர்' என்பர். இச்சொல்லின் வேரைத் தேடிச் சென்ற மொழிநூலார், திரை விலக்குதல், வெளிப்படுத்துதல் என்னும் பொருள்களை அவ்வேரில் கண்டனர். வைகறை வெளுப்பதையும், முகத்திரை விலகுவதையும் குறிக்க அதே வேரிலிருந்து பிறந்த சொற்களே அம்மொழியில் வழங்குகின்றன. உடன் பயணம் செய்தால்தான் ஒரு மனிதனின் உண்மைக் குணம் தெரியவரும்; ஆதலால்தான் பயணத்துக்கு அப்பெயர் அமைந்தது என்று மதரஸாவில் நம் ஆசிரியப் பெருந்தகைகள் நமக்கு ஓதிக் கொடுத்தார்கள். அவ்விளக்கம் மனிதருக்கு மட்டுமன்று, எந்திரத்துக்கும் பொருந்தும் என்பதை நாம் பல்லாண்டுகளுக்குப் பின், நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் அமர்ந்திருந்தபோது தெரிந்துகொண்டோம்.

அதே வேரில் பிறந்த இன்னொரு சொல் நம் வீடுகளில் நாள்தோறும் வழங்குகிறது. சோறு பரிமாறுவதற்கு முன் விரிக்கிறோமே சுப்ரா, அதுதான் அச்சொல். தொடக்கத்தில் 'ஸுஃப்ரா' என்பது விரிப்பைக் குறிக்கவில்லை; பயணம் புறப்படுவோருக்கென்று கட்டிக் கொடுக்கும் உணவைக் குறித்தது. பின்னர் அவ்வுணவு வைக்கப்படும் தோலுக்கும், அதன்பின் உணவு விரிப்புக்கும் பெயராகி வந்தது. ஆக, உள்ளே மறைந்திருக்கும் குறையை வெளிப்படுத்தும் பயணமும், அப்பயணத்துக்கென முன்கூட்டிச் செய்யும் ஆயத்தமும் ஒரே வேரின் இரு கிளைகள். இக்கட்டுரை அவ்விரு கிளைகளையும் பற்றியதே.

குறைஷியர் குளிர்காலத்திலும் கோடைகாலத்திலும் மேற்கொண்ட வணிகப் பயணங்களைத் திருக்குர்ஆனின் 106ஆம் அத்தியாயம் நினைவூட்டுவதை வாசகர்கள் அறிவார்கள். குளிர் நாளில் அவர்கள் தெற்கே யமன் நாட்டுக்கும், கோடையில் வடக்கே ஷாம் தேசத்துக்கும் சென்றார்கள் என்பர் விரிவுரையாளர். குளிரில் வெப்ப நாட்டையும், வெப்பத்தில் குளிர்ந்த நாட்டையும் நாடிய அவர்களது பயணம், பருவத்தோடு இசைந்த பயணம். நம் நாட்டு லாரிக்காரருக்கு அந்தத் தேர்வு இல்லை. சரக்கு எங்கே அழைக்கிறதோ அங்கே அவர் போகவேண்டும். மார்கழிக் குளிரில் அவருக்குக் காஷ்மீரத்திலிருந்து அழைப்பு வரும். ஏனெனில், ஆப்பிள் அறுவடை இலையுதிர் காலத்தோடு முடிந்துவிட்டாலும், புல்வாமா மாவட்டத்து லாசிப்போரா போன்ற இடங்களில் உள்ள குளிர்பதனக் கிடங்குகளிலிருந்து பழம் குளிர்காலம் முழுவதும் வெளியேறிக்கொண்டே இருக்கும்.

நம் தங்கையின் மகன் ஒரு லாரிக்கு உரிமையாளரும் ஓட்டுநருமாவான். பத்துச் சக்கர லாரி. 2015ஆம் ஆண்டில் உருவானது. இரு கைகள் மாறி மூன்றாவதாக அவனிடம் வந்தது. பத்து லட்சம் கிலோமீட்டரை நெருங்கிக் கொண்டிருந்தது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில், சேலத்து ஜவ்வரிசியை டில்லிக்கு ஏற்றிச் சென்று, அங்கிருந்து வேறு சரக்கோடு ஸ்ரீநகர் போய், ஆப்பிள் ஏற்றிக்கொண்டு சென்னைக் கோயம்பேட்டுக்குத் திரும்புவது என்று அவன் முடிவு செய்தான். நாமக்கல் வழியே செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைப்பது. வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு, ஒரே சாலையைப் பிடித்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போனால் ஸ்ரீநகர். ஆனால் அந்த ஒரே சாலையின் இரு முனைகளும் இரு வேறு உலகங்கள். புறப்படும் இடத்தில் பகல் வெயில் 30 டிகிரிக்கு மேல். சேரும் இடத்தில் இரவு பூஜ்யத்துக்கும் கீழே.

லாரிக்கு வாங்கிய கடனின் தவணை இரண்டு மாதம் நின்றிருந்தது. இந்த ஒரு பயணத்து வாடகை வந்தால் அது தீரும். வண்டி வழியில் படுத்துவிட்டால் வண்டியே கைவிட்டுப் போகும். தங்கை நம்மிடம் வந்து, "அண்ணே, அவனை இந்தத் தடவை போகவேண்டாம் என்று சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பான்" என்று கண் கலங்கினாள். ஆனால் போகாமலிருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பது அவளுக்கும் தெரியும். ஆகவே நாம் தடுக்கவுமில்லை, அனுப்பிவைக்கவுமில்லை. "வண்டி ஆயத்தமாவதை நாம் கூட இருந்து பார்க்கிறோம், பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்றோம். மதரஸாவுக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில், ஜும்ஆவுக்கு முன்னும் பின்னும் பட்டறையில் போய் அமர்வது வழக்கமாயிற்று.

மருமகன் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தான். முகப்புக்குப் புதிய வர்ணம், வண்ண விளக்குகள், ஏர் ஹார்ன், இருக்கைக்கு மெத்தை உறை, அதன்பின் பேட்டரி, அதன்பின் டயர் என்று அப்பட்டியல் நீண்டது. பட்டறை மேஸ்திரி முதிர்ந்தவர்; வட நாட்டு வழிகளில் முப்பது ஆண்டுகள் வண்டி ஓட்டிவிட்டுப் பட்டறை வைத்தவர். அவர் அப்பட்டியலைத் தலைகீழாகத் திருப்பினார். "தம்பி, முதலில் வண்டி நிற்கவேண்டும். அடுத்தது, நிற்கிற வண்டி பிறர் கண்ணுக்குத் தெரியவேண்டும். மூன்றாவது, காலையில் அது கிளம்பவேண்டும். ஓடுவதும் ஒய்யாரமும் அதற்கப்புறம்" என்றார். கையில் இருந்த பணமோ எல்லாவற்றுக்கும் போதாது. பணம் குறையும்போதுதான் வரிசை முக்கியமாகிறது. 'முக்கியமானதை முற்படுத்து' என்னும் விதியை நூல்களில் நாம் படித்திருக்கிறோம். அதைக் கிரீஸ் படிந்த கையால் ஒருவர் நடத்திக் காட்டியதை அன்று கண்டோம்.

நிற்பது என்றால் பிரேக். லாரியின் பிரேக் காற்றின் வலிமையால் இயங்குவது. காற்றை அழுத்தி ஏர் டேங்கில் சேர்க்கும்போது, அக்காற்றில் இருந்த ஈரமும் நீராகி டேங்கின் அடியில் தங்கும். மேஸ்திரி டேங்கின் அடித்திருகைத் திறந்து ஒரு குவளையைப் பிடித்தார். எண்ணெய் கலந்த பழுப்பு நீர் முக்கால் குவளைக்கு வந்தது. "வாத்தியாரே, இது இங்கே தண்ணீர். பனிஹால் போனால் பனிக்கட்டி" என்றார். அந்த நீர் குழாயிலும் வால்விலும் உறைந்துவிட்டால் பிரேக் பிடிக்காமலும் போகலாம், பிடித்த பிரேக் விடாமலும் போகலாம். ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையரின் உள்ளுறை பழுதாகி நெடுநாளாகிவிட்டதாம். நம் ஊர் வெயிலில் எவரும் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கவேண்டிய தேவையும் நேரவில்லை. உள்ளுறையைப் புதிதாக மாற்றுவது, பிரேக் லைனிங்கைப் பார்ப்பது, ஒவ்வொரு நாள் இரவிலும் டேங்கின் நீரை வடிப்பது என்று மூன்று முடிவாயின. இன்னொன்றும் சொன்னார்: நனைந்த சாலையில் ஓடிவந்து, உறைபனி இரவில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால், லைனிங் டிரம்மோடு ஒட்டி உறைந்துவிடும்; ஆகையால் சமதளம் பார்த்து நிறுத்திச் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுக்க வேண்டும்.

பிறர் கண்ணுக்குத் தெரிவது அடுத்தது. காஷ்மீரத்துப் பனியைப் பற்றியே அனைவரும் அஞ்சுகிறோம். டில்லிக்கும் ஜலந்தருக்கும் இடைப்பட்ட சமவெளியில் டிசம்பர், சனவரி மாதங்களில் இறங்கும் மூடுபனி அதனினும் கொடியது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத இரவுகள் அங்கே உண்டு. அவ்வேளையில் முன்னால் இருப்பதில் மோதுவதைவிட, நின்றுகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து மோதப்படுவதே லாரிக்கு நேரும் பெருந்துயரம். எனவே வண்ண விளக்குக்கு ஒதுக்கிய பணம் பின்விளக்குகளுக்கும், ஒளியைத் திருப்பி அனுப்பும் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் நாடாக்களுக்கும், சாலையில் வைக்கும் சிவப்பு முக்கோணத்துக்கும் போயிற்று. முன்பக்கத்துக்குத் தாழ்வாகப் பொருத்திய மஞ்சள் பனிவிளக்கு இரண்டும், புதிய வைப்பர் இரண்டும் போதும் என்றாயிற்று. மூடுபனியில் விளக்கை உயர்த்திப் போட்டால் பனித்துளிகள் அவ்வொளியை நம் கண்ணுக்கே திருப்பி எறியும். தாழ்த்திப் போட்டால்தான் வழி தெரியும்.

இனி, காலையில் கிளம்புவது. இதில்தான் வெயில் நாடு நம் வண்டிகளுக்குக் கற்றுக்கொடுத்த பழக்கங்கள் ஒவ்வொன்றாகத் திரை விலகின.

ரேடியேட்டரில் இருந்தது வெறும் போர்த் தண்ணீர். தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறையும். உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பருமனில் பெருகும். இரும்பாயினும் அவ்வீக்கத்துக்கு வழிவிட்டே ஆகவேண்டும். இஞ்சின் பிளாக் வெடித்துவிடும். தண்ணீரோடு சரிபாதி எத்திலீன் கிளைக்கால் கலந்தால், மைனஸ் 35 டிகிரிக்கும் கீழே போனாலன்றி அது உறையாது. அதிகம் கலந்தால் அதிகப் பாதுகாப்பு என்று கருதுவதும் தவறு. கலப்பற்ற கிளைக்கால் மைனஸ் 13 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும். மருந்தானாலும் அளவு வேண்டும் என்பது இங்கும் உண்மை. பழைய நீரை வடித்து, உப்புப் படிவைக் கழுவி, தூய நீரும் கூலன்டும் சரிபாதியாக ஊற்றப்பட்டன. அப்போது மற்றொன்று வெளிப்பட்டது. தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு அவ்விஞ்சினில் இல்லை. இஞ்சின் சூடாகும் வரையில் நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து நிறுத்துவது அதன் வேலை. வண்டி சூடேறுகிறது என்ற குறைக்கு, எளிய வைத்தியமாக அதைக் கழற்றி எறிந்துவிடுவது நம் பக்கத்தில் பலரும் செய்கிற காரியம். முந்தைய உரிமையாளர் எவரோ அவ்வண்ணம் செய்திருக்கிறார். வெயிலில் அதன் இன்மை தெரியாது. குளிரிலோ, இஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடினாலும் உரிய சூட்டை அடையாது, எண்ணெய் இளகாது, டீசல் முழுதாக எரியாது. "வெயில் மன்னிக்கும், வாத்தியாரே. குளிர் மன்னிக்காது" என்று மேஸ்திரி சொன்னது அப்போதுதான்.

குளிர் எந்தக் குறையையும் புதிதாகப் படைப்பதில்லை. வெயில் மூடி வைத்திருந்ததைத் திறந்து காட்டுகிறது. ஸஃபர் என்னும் சொல்லின் பொருள் அவ்விடத்தில் நமக்கு விளங்கிற்று.

டீசலின் கதையைத் தங்கையிடம் விளக்க நேர்ந்தபோது, அவள் நம்மை முந்திக்கொண்டாள். டீசலில் மெழுகு கலந்திருக்கிறது. குளிர்ந்தால் அது திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும் என்று தொடங்கினோம். "மார்கழியில் தேங்காய் எண்ணெய் கட்டிப்போவது போலவா?" என்றாள். அதேதான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உறையத் தொடங்குகிறது. டீசல் அதைவிடக் குளிரைத் தாங்கும், அவ்வளவுதான் வேறுபாடு. நம் நாட்டுத் தர வரையறை, ஓட்டம் நிற்கும் வெப்பநிலைக்குக் கோடைகால டீசலில் 15 டிகிரி, குளிர்கால டீசலில் 3 டிகிரி என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அக்குளிர்கால வகையும் வட, மத்திய இந்தியச் சமவெளிகளைக் கருதி ஏற்பட்டது. ஆகவே தெற்கே நிரப்பிய டீசலோடு மலையேறுவது அறிவுடைமை ஆகாது. டேங்கைக் காலியாக்கிக்கொண்டே போய், ஜம்முவில் நிரப்பவேண்டும். அதன்பின் இரவுதோறும் டேங்க் நிறைந்தே இருக்கவேண்டும், இல்லையேல் காலியிடத்துக் காற்றின் ஈரம் நீராகி டீசலில் இறங்கும். லடாக்கின் கடுங்குளிருக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் கொண்டுவந்தது. ஆனால் நம் மருமகனின் பயணம் அவ்வளவு தொலைவு அன்று. இரு வடிகட்டிகள் உபரியாக எடுத்துவைக்கப்பட்டன. உறைந்த டேங்கின் அடியில் தீ மூட்டிச் சூடுபடுத்தும் வழக்கத்தை மட்டும் கனவிலும் நினையாதே என்று மேஸ்திரி மருமகனிடம் உறுதி வாங்கிக்கொண்டார்.

இஞ்சின் எண்ணெய் டப்பாவில் 15டபிள்யூ-40 என்று எழுதியிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். டபிள்யூ என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண் எவ்வளவு சிறியதோ, குளிரில் அவ்வெண்ணெய் அவ்வளவு எளிதாக ஓடும். பழைய இஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது என்று கெட்டியான எண்ணெயை ஊற்றி வந்திருந்தார்கள். அதுவும் மாற்றப்பட்டது.

பேட்டரி இரண்டு, பன்னிரண்டு வோல்ட் வீதம் இணைந்து இருபத்து நான்கு. பூஜ்யம் டிகிரியில் பேட்டரியின் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். மைனஸ் 18 டிகிரியில் பாதியாகும். இஞ்சினோ குளிரில் கிளம்புவதற்கு வழக்கத்தைவிட அதிக வலிமையைக் கேட்கும். கேட்பது கூடும்போது கொடுப்பது குறைகிறது. இருப்பவற்றில் ஒன்று நன்றாகவும் ஒன்று நலிந்தும் இருந்தது. நலிந்ததை மட்டும் மாற்றலாம் என்றான் மருமகன். ஒரே நுகத்தில் கட்டிய இரு மாடுகளில் ஒன்று கிழமாக இருந்தால் மற்றதும் விரைவில் சோரும் என்று மேஸ்திரி மறுத்தார். மெத்தை உறைக்கு வைத்த பணம் அதில் கரைந்தது.

டயரின் காற்றும் குளிரில் சுருங்கும். 32 டிகிரி வெப்பத்தில் 110 பவுண்டு அழுத்தத்துக்குக் காற்றடித்துப் போனால், மைனஸ் 5 டிகிரியில் அது ஏறத்தாழ 95 பவுண்டாகத்தான் நிற்கும். டயர் ஓட்டையில்லை, காற்று கசியவுமில்லை, குளிர்தான் காரணம். ஆகவே ஜம்முவில் ஒருமுறை அளந்து நிரப்பவேண்டும். ரீட்ரேட் செய்த டயர்கள் பின்னச்சில் போகாமல், புதியவை அங்கே மாற்றப்பட்டன. சக்கரத்தில் கட்டும் பனிச் சங்கிலி வாங்கியதும் மேஸ்திரி மருமகனைப் பட்டறை மண்ணிலேயே அதைக் கட்டவும் அவிழ்க்கவும் வைத்தார். காய்ந்த தரையில், பகல் வெளிச்சத்தில், விரல் விறைக்காத நிலையில் கட்டத் தெரியாதவன், பனியில் இரவில் கட்டமாட்டான் என்பது அவர் வாதம். ஐந்தாம் முறை கட்டியபோதுதான் அவர் தலையசைத்தார்.

எல்லாம் முடிந்தது; ஏர் டிரையர் உள்ளுறை மட்டும் வந்து சேரவில்லை. திங்கட்கிழமை லோடு ஏற்றவேண்டும் என்று தரகர் நெருக்கினார். உள்ளுறை வரப் புதன்கிழமை ஆகும். "வழியில் மாற்றிக்கொள்கிறேன் மாமா, தினமும் தண்ணீரை வடித்துவிட்டால் போதும்" என்றான் மருமகன். நாம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பழுப்பு நீர் நிறைந்த குவளை பட்டறைத் திண்ணையில் அப்படியே இருந்தது. அவன் அதைப் பார்த்தான். சிறிது நேரம் கழித்துத் தரகருக்குத் தொலைபேசியில் வேறு வண்டி பார்த்துக்கொள்ளுமாறு சொன்னான். அந்த லோடு போயிற்று. வியாழக்கிழமை கிடைத்த லோடுக்கு வாடகை குறைவு. நட்டம் நட்டமே. ஆனால் அன்றிரவு நாம் தங்கையிடம், "இனி அவன் போகலாம்" என்று சொன்னோம். வண்டி ஆயத்தமாகிவிட்டது என்பதற்காக அன்று. ஓட்டுபவன் ஆயத்தமாகிவிட்டான் என்பதற்காக.

கடைசி ஆயத்தம் அவளுடையது. மலைச்சாலையில் நிலச்சரிவோ பனியோ வழியடைத்தால் லாரிகள் நாட்கணக்கில் நிற்க நேரும் என்று கேட்டறிந்தாள். பத்து நாளைக்கு இருவருக்குப் போதுமான அரிசி, பருப்பு, கருவாடு, எலுமிச்சை ஊறுகாய், பேரீச்சை, வறுத்த மாவு, சுக்கு என்று கட்டினாள். கம்பளி, கையுறை, காலுறை, சுடுநீர்க் குடுவை எல்லாம் சேர்ந்தன. பழைய சொற்பொருளில் அதுவே ஸுஃப்ரா. அதில் ஒன்றை மட்டும் மேஸ்திரி எடுத்து வெளியே வைத்தார்: கேபினுக்குள் குளிர் காய்வதற்காக அவள் வைத்த கரி அடுப்பு. மூடிய அறையில் கரியெரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சுக் காற்று உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை; உறங்குபவர் உறக்கத்திலேயே போய்விடுவார். சன்னலடைத்த கேபினில் அடுப்பும் கூடாது, காஷ்மீரத்தார் மேலங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி நெருப்புச் சட்டியும் கூடாது. சமையலைக் கீழே இறங்கித்தான் செய்யவேண்டும். தாயின் அன்பிலும் ஒரு நஞ்சு கலந்துவிடக்கூடும். அதைப் பிரித்தெடுக்க அறிவு வேண்டும்.

லாரி புறப்பட்டது. அரியானாவில் இரண்டு இரவுகள் மூடுபனிக்காக நெடுஞ்சாலையை விட்டு விலகி நின்றது. ஜம்முவில் டீசலும் காற்றும் நிரப்பிக்கொண்டு மலையேறிற்று. 1956இல் திறக்கப்பட்ட ஜவாஹர் சுரங்கவழியே ஒரு காலத்தில் பள்ளத்தாக்கின் ஒரே வாயிலாக இருந்தது. 2017இல் திறந்த செனானி - நாஷ்ரி சுரங்கமும், 2021இல் திறந்த எட்டரைக் கிலோமீட்டர் நீளமுள்ள பனிஹால் - காசிகுண்ட் சுரங்கமும் இன்று அவ்வழியின் இடரைப் பெரிதும் குறைத்துள்ளன. ஆயினும் பருவத்தின் கையைச் சுரங்கம் முழுவதும் கட்டிவிடாது. காஷ்மீரத்தார் 'சில்லை கலான்' என்றழைக்கும் நாற்பது நாள் கடுங்குளிர் டிசம்பர் 21இல் தொடங்கும். அவ்வாண்டு அந்த நாளின் அதிகாலையில் ஸ்ரீநகரில் வெப்பநிலை மைனஸ் 8.5 டிகிரிக்கு இறங்கிற்று. டிசம்பர் மாதத்தில் ஐம்பது ஆண்டுகளாகக் காணாத குளிர் அது. அன்று காலை வண்டி இரண்டாம் திருப்பத்தில் கிளம்பிற்று என்று மருமகன் தாய்க்குத் தொலைபேசியில் சொன்னான். அந்த ஒரு வாக்கியத்துக்காக மூன்று வெள்ளிக்கிழமைகள் செலவாகியிருந்தன.

ஆப்பிள் ஏற்றித் திரும்பும்போது, அம்மாத இறுதியில் கடும்பனி பொழிந்து நெடுஞ்சாலை மூடப்பட்டது. காசிகுண்ட் பக்கத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஆப்பிளும் மைனஸ் இரண்டு டிகிரியை ஒட்டி உறைந்து கெட்டுவிடும். ஆதலால் வைக்கோலும் இரட்டைத் தார்ப்பாயுமாக அதற்கும் போர்வை போட்டிருந்தார்கள். வரிசையில் முன்னால் நின்ற இன்னொரு தென்னாட்டு லாரியின் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர். விடிந்தபோது அதன் இஞ்சின் பிளாக்கில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. அவ்வோட்டுநர் தந்தை வயதினர். நாளெல்லாம் வண்டியடியில் அமர்ந்து அழுதாராம். நம் தங்கை கட்டிக் கொடுத்த அரிசியில் மூன்று நாள் அவரும் உண்டார். வழி திறந்ததும் சங்கிலி கட்டி, எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தொடாமல், பாலங்களின் மேல் மிக மெதுவாக ஊர்ந்து இறங்கினார்கள். பாலம் மேலும் கீழும் குளிர்வதால் சாலைக்கு முன்பே அதன்மேல் கண்ணாடிப் பனி படியும் என்று மேஸ்திரி சொல்லியனுப்பியிருந்தார். சனவரி இரண்டாம் வாரத்தில், இறைவனருளால், வண்டி கோயம்பேட்டில் சரக்கை இறக்கிற்று. ஒரு தவணை தீர்ந்தது. மற்றொன்று இன்னும் நின்றது.

இதை வாசிக்கும் குடும்பங்களில், மகனையோ கணவனையோ உடன்பிறந்தானையோ சாலைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்போர் பலர் இருப்பீர்கள். எந்திரம் நமக்குத் தெரியாது என்று ஒதுங்கிவிட வேண்டியதில்லை. ரேடியேட்டரில் என்ன ஊற்றியிருக்கிறது? ஏர் டேங்கில் என்ன வடிகிறது? பின்விளக்கு எரிகிறதா? இரவில் கேபினுக்குள் எதை எரிக்கப் போகிறாய்? இந்நான்கையும் கேட்க ஒரு மெக்கானிக் வேண்டியதில்லை. ஒரு தாய் போதும். கேட்கப்படுகிறோம் என்று அறிந்தவன் பார்த்து வைப்பான்.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியபோது மருமகன் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தான். புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞன் ஒருவன், "வெயில் வந்துவிட்டதே, அந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாமா?" என்று கேட்டான். "இருக்கட்டும் அண்ணே; ரேடியேட்டரைக் கழுவிக் கொடுங்கள்" என்றான் மருமகன்.